கைத்தறியும் கணிப்பொறியும்

யந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்ற தர்க்கம் நமது தேசத்தில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. தர்க்கம் முடிவதற்குள் யந்திரம் வந்து வாசலில் நின்றுவிடுகிறது என்பதே நாம் கண்ட அனுபவம். நூற்பாலை வந்தது, விசைத்தறி வந்தது, இப்பொழுது கணிப்பொறி வந்திருக்கிறது. முந்திய இரண்டும் தொழிலாளியின் கைக்கும் காலுக்கும் போட்டியாக வந்தவை. மூன்றாவதாக வந்திருப்பதோ அவனுடைய கண்ணுக்கும் கற்பனைக்குமே போட்டியாக நிற்கிறது. சேலையின் கரையில் மயில் எப்படி நிற்கவேண்டும், முந்தியில் மாங்காய் எத்தனை வரிசை வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இதுகாறும் மனிதனிடம் இருந்தது. அவ்வுரிமை இனி யாரிடம் இருக்கும் என்பதைப் பற்றி நாட்டில் போதிய சிந்தனை நடைபெறவில்லை. பட்டணத்துப் பிரமுகர்கள் கலையைப் பற்றிப் பேசும்போது சங்கீதத்தையும் சினிமாவையும் பற்றிப் பேசுகின்றனர். அருப்புக்கோட்டைத் தெருவில் குழித்தறிக்குள் கால்விட்டு உட்கார்ந்திருக்கும் கலைஞன் அவர்கள் ஞாபகத்திற்கு வருவதில்லை. ஆகவே அவனை முன்னிட்டே இவ்விஷயத்தை ஆராய விரும்புகிறோம்.

வானம் பார்த்த பூமி

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையின் நிலைமையை அறியாதவர்களுக்கு இரண்டொரு வார்த்தை கூறுவது அவசியம். ஸ்ரீ ரமண மஹரிஷி 1879ஆம் ஆண்டில் அவதரித்த ஊர் என்ற அளவில் திருச்சுழியின் பெயர் உலகமெங்கும் தெரியும். அவ்வூரைச் சுற்றியுள்ள குடியானவனின் பாடு அவ்வளவாகத் தெரியாது. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது ஆண்டில் சில நாட்களே. கண்மாய் பெருகினால் நெல். இல்லையேல் கம்பு, சோளம், பருத்தி, மல்லி. அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே கதி. 1985ஆம் ஆண்டில் ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து பிரிந்த விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்தவை இவ்விரு தாலுகாக்களும். முன்னேற வேண்டிய ஜில்லாக்கள் என்று மத்திய சர்க்கார் 2018ஆம் ஆண்டில் பொறுக்கியெடுத்த ஜாபிதாவில் தமிழ்நாட்டினின்று இடம்பெற்றவை ராமநாதபுரம், விருதுநகர் என்ற இரண்டே. தாய் ஜில்லாவும் பிள்ளை ஜில்லாவும் ஒருங்கே அந்த ஜாபிதாவில் ஏறியது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

இத்தகைய வறண்ட பூமியில் கைத்தொழில் என்பது பொழுதுபோக்கல்ல. பஞ்சத்திற்கு எதிராக ஜனங்கள் தாமே கட்டிக்கொண்ட கரை. மேற்கே சிவகாசியில் அச்சும் தீப்பெட்டியும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் புண்ணுக்குக் கட்டும் மருத்துவத் துணி. அருப்புக்கோட்டையில் பருத்திச் சேலை. மேகம் கைவிட்ட ஆண்டிலும் தறி கைவிடாது என்ற நம்பிக்கையிலேயே தலைமுறைகள் கழிந்தன. இன்று அந்தத் தெருக்களில் கைத்தறியின் ஓசையைவிட விசைத்தறியின் இரைச்சலே அதிகம். எஞ்சி நிற்கும் கைத்தறிக்கும், சிறு விசைத்தறிக்கும் ஒருசேர வந்திருக்கும் புதிய விருந்தாளிதான் கணிப்பொறி.

அட்டையில் பிறந்த கணிதம்

இந்த விருந்தாளி நெசவாளனுக்கு முற்றிலும் அந்நியன் அல்ல என்பதை முதலில் கூறவேண்டும். சொல்லப்போனால் அவன் நெசவாளன் வீட்டில் பிறந்து, பிற தேசங்களில் வளர்ந்து, பெருந்தனக்காரனாகத் திரும்பி வந்திருப்பவன்.

பிரான்சு தேசத்து லியோன் நகரில் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்த ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் ஒரு புதிய தறிப்பெட்டியை அமைத்தார். அதன் தத்துவம் மிக எளிது. கனத்த அட்டையில் வரிசையாகத் துளைகள் குத்தப்படும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழை மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் ஊசி தடைப்படும். இழை கீழேயே நிற்கும். ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. எழு, எழாதே என்ற இரண்டே கட்டளைகளைக் கொண்டு கொடியும் பூவும் யானையும் அன்னமும் துணியில் தோன்றின. இதைக் கண்ட ஆங்கிலக் கணித நிபுணர் பாபேஜ், தாம் மனத்தில் வகுத்த கணக்குப் பொறிக்கும் இதே அட்டைகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். ஜக்கார்டுத் தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல அப்பொறி கணிதத்தை நெய்யும் என்ற கருத்தை அடா லவ்லேஸ் என்ற மாது 1843ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். பிறகு 1890ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டே கூட்டி முடித்தார். ஆம், அல்ல என்ற இரண்டு சொற்களில் உலகத்தையெல்லாம் எழுதிவிடும் இன்றைய கணிப்பொறியின் வமிச வரலாற்றில் தறிக்குக் கௌரவமான இடம் உண்டு.

நமது ஊர்களில் ஜக்கார்டுப் பெட்டி ஏறிய தறிகளில் இன்றும் இதே முறைதான். சித்திரக்காரர் கட்டம் போட்ட காகிதத்தில் சேலைக் கரையின் வேலைப்பாட்டை வரைவார். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு இழையும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம். அதைப் பார்த்து அட்டை அடிப்பவர் துளை குத்துவார். குத்திய அட்டைகளைக் கயிற்றால் கோத்து மாலையாக்கிப் பெட்டியில் ஏற்றுவார்கள். இருநூறு ஊடையில் முடியும் புட்டாவுக்கு இருநூறு அட்டை. இரண்டாயிரம் ஊடை ஓடும் முந்திக்கு இரண்டாயிரம் அட்டை. ஒரு துளை தவறினால் துணி முழுவதும் அத்தவறு திரும்பத் திரும்ப வரும். அட்டை மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும்; எலி கடிக்கும்; ஓரம் தேயும். புது வேலைப்பாடு வேண்டுமானால் பழைய மாலையை இறக்கிப் புது மாலை ஏற்றவேண்டும். அதற்குள் பல நாட்கள் தறி சும்மா நிற்கும். தறி நிற்கும் நாளுக்குக் கூலி இல்லை என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

புதிய முறையில் கட்டக் காகிதத்தின் இடத்தில் கணிப்பொறித் திரை. அட்டை மாலையின் இடத்தில் விரல் நுனியளவு நினைவுக் கருவி. ஊசியைத் தடுக்கும் அட்டைக்குப் பதிலாக மின்காந்தம் ஒவ்வொரு கொக்கியையும் பிடித்தும் விட்டும் இழைகளை ஏற்றி இறக்குகிறது. காலையில் மாங்காய்க் கரை, மாலையில் மயில் கரை என்று மாற்றுவதும் சாத்தியம். கைத்தறியின் பெட்டியோடு இதைப் பொருத்தினாலும் ஊடையைப் பாய்ச்சுவதும், பலகையை அடிப்பதும், துணியின் இறுக்கத்தை உணர்வதும் நெய்பவர் கையே. சும்மா நிற்கும் நாட்கள் குறையும். சிறிய ஆர்டரையும் துணிந்து ஏற்கலாம். பத்துச் சேலைக்காக இரண்டாயிரம் அட்டை குத்துவது கட்டுப்படியாகாத காரியம். பத்துச் சேலைக்காகத் திரையில் ஒரு படம் வரைவது கட்டுப்படியாகும். இந்த நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது.

நெசவாளன் புதுமைக்கு விரோதியா?

நெசவாளன் புதுமைக்கு விரோதி என்ற அபவாதத்தை உத்தியோகஸ்தர்கள் அடிக்கடி சுமத்துவது வழக்கம். சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்லவில்லை. கயிற்றைச் சுண்டினால் நாடா தானே பாயும் அமைப்பை 1733ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்தார். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணக் கைத்தொழில் அதிகாரி சாட்டர்டன் சேலத்தில் ஒரு நெசவுசாலை வைத்து அதைப் பரப்ப முயன்றார். நமது நெசவாளர்கள் அந்நெசவுசாலையில் கூலிகளாகப் போய்ச் சேர மனமொப்பவில்லை. ஆனால் நாடாவை மட்டும் எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுத் தறியில் மாட்டிக்கொண்டார்கள். இந்தியா முழுவதிலும் இவ்வமைப்பை வேகமாகக் கைக்கொண்டவர்களுள் சென்னை மாகாணத்து நெசவாளர்கள் முன்னணியில் நின்றனர். கருவியை ஏற்றார்கள், கருவியோடு வந்த அடிமைத்தனத்தை மறுத்தார்கள். இதைவிடச் சிறந்த விவேகத்தை எந்தப் பொருளாதார நிபுணர் போதிக்கப் போகிறார்?

லியோன் நகரத்துக் கதையும் இதுவே. அங்குப் பட்டு நெசவாளர்கள் 1831ஆம் ஆண்டிலும் 1834ஆம் ஆண்டிலும் கிளர்ச்சி செய்தார்கள். முதற் கிளர்ச்சியின் காரணம் ஜக்கார்டுப் பெட்டியல்ல. அவர்கள் கேட்டது நிலையான கூலி விகிதம். வியாபாரிகள் ஒப்புக்கொண்ட விகிதத்தைப் பின்னர் கொடுக்க மறுத்தபோதுதான் தெருவில் இறங்கினார்கள். யந்திரத்தால் விளையும் லாபத்தில் உழைப்பவனுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி அன்றே பிறந்தது. இன்னும் விடை காணவில்லை.

மகாத்மா காந்தி 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் மேலாடையைத் துறந்ததை இச்சீமையார் மறந்திருக்க மாட்டார்கள். அவர் யந்திரமனைத்துக்கும் சத்துரு என்று எண்ணுவோர் இரண்டு விஷயங்களை நினைவிற்கொள்ள வேண்டும். தையல் யந்திரத்துக்கு அவர் 1924ஆம் ஆண்டிலேயே விலக்கு அளித்தார். குடிசையில் வைத்து இயக்கத்தக்க மேலான ராட்டினம் ஒன்றைச் சமைப்பவருக்கு லட்ச ரூபாய் பரிசு என்று அகில பாரத சர்க்கா சங்கம் 1929ஆம் ஆண்டில் அறிவித்தது. பின்னர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் அமைத்த புது ராட்டினமே அவர் பெயரின் சாயலுடன் அம்பர் சர்க்கா என்று தேசமெங்கும் பரவியது. ஆகவே கருவியைச் சீர்திருத்துவது சுதேசியத்துக்கு முரணன்று. ஒருவன் இயக்கவும், ஒருவன் பழுதுபார்க்கவும், ஒரு கிராமம் தன் வசத்தில் வைத்திருக்கவும் கூடிய கருவியா என்பதே காந்தியடிகள் வைத்த உரைகல். கணிப்பொறியையும் அதே கல்லில் உரைத்துப் பார்ப்போம்.

உரைத்துப் பார்த்தால்

முதலாவது, உடைமை. அட்டைக்கட்டு பெரும்பாலும் முதலீட்டாளருடையதே ஆயினும் அது கண்ணுக்குத் தெரிந்த பொருள். எந்த வேலைப்பாடு எந்தத் தறியில் ஓடுகிறது என்பது தெருவாருக்குத் தெரியும். நினைவுக் கருவியில் அடங்கிய சித்திரமோ ஒரு நொடியில் ஆயிரம் பிரதியாகப் பெருகும். அருப்புக்கோட்டையில் வரைந்த கரை மறுநாளே வேறு மாகாணத்து ஆலையில் மலிவான செயற்கை இழையில் இறங்கலாம். தெலுங்கு தேசத்துப் போச்சம்பள்ளியில் இழைக்கு இழை கட்டிச் சாயமிட்டு நெய்யும் வேலைப்பாட்டை, துணிமேல் வெறும் அச்சாகப் பதித்து விற்கும் வியாபாரம் எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதை யாவரும் கடைத்தெருவில் காணலாம்.

இரண்டாவது, பழுது. அட்டைப் பெட்டியில் கொக்கி வளைந்தால் தெருக்கோடித் தச்சரும் கொல்லரும் நிமிர்த்திவிடுவார்கள். மின்சாரப் பெட்டியில் கோளாறு வந்தால் தூர நகரத்திலிருந்து ஆள் வரவேண்டும். அதுவரையில் நெசவாளன் வட்டி கட்டவேண்டும். மின்சார விஷயத்தில் மாகாண சர்க்கார் செய்திருக்கும் உதவியைச் சொல்லாமல் விடுவது நன்றியாகாது. இரண்டு மாதத்திற்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசம் என்று 2023ஆம் ஆண்டில் உயர்த்தியிருக்கிறார்கள். மின்சாரம் கிடைத்துவிட்டது; மின்சாரக் கருவியைப் பழுதுபார்க்கும் வித்தை உள்ளூரில் இன்னும் வேர்கொள்ளவில்லை.

மூன்றாவது, வேலை இழப்போர். கட்டக் காகிதத்தில் வரைந்தவரும், அட்டை அடித்தவரும், மாலை கோத்தவரும் எங்கே போவார்கள்? நெய்பவரைப் பற்றியாவது கணக்கெடுப்பு உண்டு. 2019–20ஆம் ஆண்டு நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர், துணைத் தொழிலாளர் யாவரும் சேர்ந்து சுமார் 35 லட்சம் பேர். அதற்குப் பத்தாண்டுக்கு முன் 43 லட்சம் பேர். நெசவாளர்களுள் பத்தில் ஏழு பேருக்குமேல் ஸ்திரீகள். நெசவுக் குடும்பங்களுள் மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இவ்வளவு குறைந்த வருமானமுள்ள குடும்பம் விலையுயர்ந்த மின்சாரப் பெட்டியைத் தானே வாங்குவது எங்ஙனம்? வாங்கித்தரும் வியாபாரிக்கே கடன்பட்டு, அவர் சொல்லும் கூலிக்கே நெய்யும்படி ஆகும். பாவும் நூலும் வியாபாரியுடையது, தறியாவது தன்னுடையது என்றிருந்த கடைசிச் சுதந்திரமும் அங்கே போய்விடும்.

அண்டை ஊர்கள் கூறும் பாடம்

இத்தகைய மாறுதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு என்ற சித்திரக்காரர் இருந்தார். 1898ஆம் ஆண்டில் பிறந்து 1976ஆம் ஆண்டில் மறைந்த அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, தென்னாட்டு வீடுதோறும் பூஜை அறையில் ஏறின. அக்காலத்து அச்சுக்கூடங்களில் மூலப்படத்தின் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே பிரித்துக் கல்லிலோ தகட்டிலோ புள்ளி புள்ளியாக எழுதுவதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். முதலில் ஒளிப்படமுறை வந்து அவர்கள் வேலையைப் பிடித்தது. பிறகு கணிப்பொறி வந்து ஒளிப்படமுறையையும் விழுங்கியது. சிவகாசி அழியவில்லை, முன்னிலும் பெருத்தது. தொழில் பிழைத்தது, தொழிலாளி வேறாள் ஆனான் என்பதே அங்குக் கிடைக்கும் பாடம். திரையில் நிறம் பிரிக்கக் கற்றுக்கொண்ட இளைஞன் பிழைத்தான். கற்றுக்கொடுப்பார் இல்லாத மூத்த கலைஞன் தெருவுக்கு வந்தான். கற்றுக்கொடுக்க ஓர் ஏற்பாடு இருந்ததா, இல்லையா என்பதே இருவருக்கும் உள்ள வித்தியாசம்.

விளம்பரப் பலகை எழுதுவோரின் கதை இதனினும் துக்ககரமானது. சுவரிலும் துணியிலும் தகரத்திலும் எழுத்தழகு காட்டிய ஓவியர்கள் ஒவ்வொரு சிற்றூரிலும் இருந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கணிப்பொறியால் அச்சிடும் பிளெக்ஸ் தட்டிகள் வந்தன. பத்தே ஆண்டுகளில் அந்த ஓவியர்களின் தூரிகை காய்ந்துவிட்டது. அவ்வாறு காயச்செய்தவர்கள் யார்? வேறு யாருமல்லர், அரசியல் கட்சிக்காரர்களாகிய நாம்தான். தொழிலாளர் உரிமையைப் பற்றி மேடையில் முழங்குகிறோம். அந்த மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் தட்டி உள்ளூர் ஓவியரின் கூலியைப் பறித்து வந்த பிளாஸ்டிக். நெசவாளியின் துணியிலே ஓவியரின் கையெழுத்திலே நம் தலைவர் பெயரை எழுதினால் தலைவருடைய கீர்த்தி குறைந்துவிடுமா? கட்சி பேதமின்றி எல்லாத் தேசத் தொண்டர்களும் இதை நெஞ்சில் கைவைத்து யோசிக்கவேண்டும்.

சட்டத்தில் உள்ள கண்ணி

கலைஞனுடைய சித்திரத்தைக் காக்கச் சட்டம் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு, ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டக் காகிதத்தில் வரைந்த சித்திரத்துக்கு நமது பதிப்புரிமைச் சட்டம் இயல்பாகவே பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் வேலைப்பாடாகப் பதிவுசெய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், யந்திர முறையில் ஐம்பது பிரதிகளுக்குமேல் உற்பத்தி செய்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு ஒழிந்துபோகிறது. 2000ஆம் ஆண்டு வேலைப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தால் பத்தாண்டுக்கும், மேலும் நீட்டித்தால் ஐந்தாண்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே வேலைப்பாடு வெளியாகியிருந்தால் அது புதியது என்ற தகுதியை இழந்துவிடும். இன்றைய வழக்கமோ, தறியிலிருந்து சேலை இறங்கியவுடன் கைப்பேசியில் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்புவது. வாங்குவோரைத் தேடிப் பரப்பிய படமே உரிமையைக் கொன்றுவிடுகிறது. அறிந்து செய்யும் தியாகமாக இருந்தால் போற்றலாம். அறியாமல் செய்யும் தானத்தை எப்படிப் போற்றுவது?

கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985ஆம் ஆண்டில் சட்டம் செய்தார்கள். 1993ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டம் செல்லுமென்று தீர்ப்பளித்தது. விசைத்தறியல்லாத தறியே கைத்தறி என்பது அச்சட்டத்தின் பொருள். நெசவின் ஒரு பகுதியை மின்சாரத்தால் நடத்தினாலும் கைத்தறியென்றே கருதலாம் என்ற யோசனை 2012ஆம் ஆண்டளவில் டில்லியில் எழுந்தபோது நெசவாளர்களும் அவர்களுடைய நண்பர்களும் எதிர்த்தார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. வாசலை ஓரடி திறந்தால் முழு யந்திரமும் உள்ளே வரும். அதனால் நாம் ஓர் எல்லையைத் தெளிவாக வகுக்கவேண்டும். சித்திரத்தை அமைக்கவும், எந்த இழை எழவேண்டுமென்று கட்டளையிடவும் கணிப்பொறி துணை செய்யலாம். ஊடையைப் பாய்ச்சி அடிக்கும் விசை மனிதனுடையதாகவே இருக்கவேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் கைத்தறி என்ற பெயரைச் சூடக்கூடாது. 2006ஆம் ஆண்டு முதல் வழங்கும் கைத்தறி முத்திரைக்கும் அப்பொழுதுதான் மதிப்பு நிற்கும்.

வார்த்தையைக் கேட்டுப் படம் வரையும் பொறி

2022ஆம் ஆண்டு முதல் இன்னொரு வித்தை பொதுஜனங்களின் கைக்கு எட்டியிருக்கிறது. வேண்டியதை வார்த்தையால் சொன்னால் கணிப்பொறி தானே படம் வரைந்து தருகிறது. தாமரைத் தடாகம் என்றால் தாமரைத் தடாகம். தேர்ச் சக்கரம் என்றால் தேர்ச் சக்கரம். இனிச் சித்திரக்காரருக்கு வேலையே இல்லை என்று சிலர் ஆர்ப்பரிக்கின்றனர், சிலர் அழுகின்றனர். இரண்டும் அவசரம்.

படம் வேறு, நெசவு வேறு. திரையில் கண்ணைப் பறிக்கும் படம் தறியில் ஏறாமல் போகலாம். இழைகளை இடையிடையே கட்டாமல் நீளமாக மிதக்கவிட்டால் வளையலிலும் மெட்டியிலும் மாட்டி இழுபடும். கொக்கிகளின் எண்ணிக்கைக்குள் வேலைப்பாடு அடங்கவேண்டும். ஒருபுறம் முடியும் கொடி மறுபுறம் தொடங்கும் கொடியோடு பிசிறின்றிச் சேரவேண்டும். நூலின் நம்பர் மாறினால் வட்டம் முட்டையாகிவிடும். கழுவக் கழுவப் பருத்தி சுருங்கும் அளவும் கணக்கில் வேண்டும். சேலையைக் கட்டும்போது எந்தப் பாகம் மடிப்புக்குள் மறையும், எது தோளில் விழும் என்ற ஞானமும் வேண்டும். இவையெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்தவன் உடம்பில் ஏறிய அறிவு. அவ்வறிவுள்ளவன் கையில் புதுப் பொறி சிறந்த ஏவலாள். அவ்வறிவு இல்லாதவன் கையில் அது குப்பையைப் பெருக்கும். அருப்புக்கோட்டைக்கு வேண்டியது பொறியைத் தெரிந்த அந்நியர் நூறு பேரல்ல. தறியைத் தெரிந்து பொறியையும் கற்ற சொந்தப் பிள்ளைகள் பத்துப் பேர்.

செய்யவேண்டியவை

குறைகூறுவதோடு நில்லாமல் செய்யவேண்டியவற்றையும் கூறுவது பத்திரிகையின் கடமை. ஆதலின் நமது யோசனைகளைச் சுருக்கமாக வெளியிடுகிறோம்.

முதலாவதாக, அருப்புக்கோட்டையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுகூடிப் பொதுச் சித்திரசாலை ஒன்றை நிறுவவேண்டும். மின்சாரப் பெட்டி எல்லாத் தறிகளுக்கும் உடனே வரப்போவதில்லை. எனவே கணிப்பொறியும், அது வரைந்ததைக் கொண்டு அட்டை குத்தும் யந்திரமும் ஒரே கூரையின்கீழ் இருக்கட்டும். ஜக்கார்டு நெசவுக்கென்று மத்திய சர்க்காரின் ஸ்தாபனமொன்று டிஜிபுனாய் என்ற மென்பொருளைத் திறந்த முறையில் தயாரித்து வெளியிட்டிருக்கிறது. அதைத் தமிழில் கற்பிக்கவேண்டும். சந்தேரி என்ற மத்தியப் பிரதேசத்துச் சிற்றூரில் நெசவாளர் பிள்ளைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கணிப்பொறியில் வேலைப்பாடு அமைக்கக் கற்றுக்கொண்டார்கள். சந்தேரியால் ஆனது நம்மால் ஆகாதா?

இரண்டாவதாக, அட்டை அடிப்போரையும் கட்டக் காகிதச் சித்திரக்காரரையும் இந்தச் சாலையின் முதல் மாணவர்களாகவும், முதல் ஆசிரியர்களாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். துளையின் தர்மத்தை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. கற்கும் காலத்தில் குடும்பம் பட்டினி கிடக்காதபடி உதவித்தொகை வேண்டும். கூலியை இழந்து கல்வி கற்க ஏழையால் முடியாது.

மூன்றாவதாக, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, மில் வண்டிக்கோ திருப்பூர் வண்டிக்கோ காத்து நிற்கும் பெண்மக்களுக்கு இதில் தனி இடம் ஒதுக்கவேண்டும். மின்சாரப் பெட்டியைப் பழுதுபார்க்கும் வித்தையை உள்ளூர்த் தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் பாடமாக்கவேண்டும்.

நான்காவதாக, புதிய பெட்டியைச் சங்கத்தின் மூலம் நீண்ட தவணையில் நெசவாளனுக்கே சொந்தமாக்க வேண்டும். 1935ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனம் நெசவாளனை வியாபாரியின் பிடியிலிருந்து மீட்கவே பிறந்தது. அந்தப் பழைய லட்சியத்துக்குப் புதிய வேலை இது.

ஐந்தாவதாக, புதிய வேலைப்பாடு ஒவ்வொன்றையும் படம் பரவுமுன் சங்கத்தின் பெயரில் பதிவு செய்யவேண்டும். வரைந்தவர் பெயரைச் சேலையின் சீட்டில் அச்சிட்டு, விற்பனையில் ஒரு சிறு பங்கை அவருக்குக் கொடுக்கவேண்டும். பாட்டெழுதியவனுக்குப் பெயர் உண்டு; படமெழுதியவனுக்குப் பெயர் உண்டு; சேலைக்குப் பூ எழுதியவன் மட்டும் பெயரற்றுப் போகவேண்டுமென்பது எந்த நியாயம்?

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு விடை எளிது. பின்தங்கிய ஜில்லா என்று ஜாபிதாவில் எழுதியவர்கள் முன்னேறும் வழிக்கும் பணம் எழுதட்டும். ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் அருப்புக்கோட்டை வாசிகள் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

வறண்ட பூமியில் மழைக்காகக் காத்திருப்பவன் கண்மாய்க் கரையைப் பலப்படுத்திவிட்டுத்தான் காத்திருக்கிறான். கரை பலமாயிருந்தால் வரும் வெள்ளம் பயிராகும். கரை உடைந்திருந்தால் அதே வெள்ளம் வீட்டையும் வாரிச்செல்லும். கணிப்பொறி என்னும் வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது. சங்கமும் கல்வியும் சட்டமுமே இதற்குக் கரை. அக்கரையைக் கட்டும் மராமத்து வேலையில் நெசவாளர்களும், தொண்டர்களும், சர்க்காரும் இன்றே இறங்கவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.